ஐம்பத்தேழாவதாக வந்தவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் நாத்தனார் முந்திக்கொள்வாள். இந்த அரசுப் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். பிள்ளைகள் எனக்கு 'சிவப்பு மை' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. ஆசிரியர்கள் எழுதித் தரும் எந்தக் காகிதத்திலும் தப்பு இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். போன வருடம் அறிவியல் ஆசிரியர், 'நம் மாணவர் இருவர் முதல் மூன்று இடங்களைப் பிடித்தனர்' என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது இடத்தை எந்த ஆவி வந்து பிடித்தது என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கும் அந்த ஒரு வாரம் நிம்மதியாகத்தான் இருந்தது.

இலையுதிர் காலம் வந்தால் எனக்குத் தலைக்கு மேல் வேலை. விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளுக்குத் தேர்வு பயம் இன்னும் பிடித்திருக்காது. பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, கணிதப் போட்டி, வாத்தியக் குழு, நாடகம் என்று எல்லாவற்றையும் இந்த மூன்று மாதத்திலேயே வைத்துத் தொலைப்பார்கள். வாசலில் இலை கொட்டுகிற வேகத்தில் என் மேஜையில் துண்டுச் சீட்டுகள் கொட்டும். அத்தனையையும் சேர்த்து மாதக் கடைசியில் 'சாதனைத் தாள்' என்று இரண்டு பக்கம் அடித்து வாசல் பலகையில் ஒட்டுவதும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புவதும் என் பொறுப்பு. அதில் இதுவரை ஒரு தப்பு வந்ததில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

என் நாத்தனார் இதே பள்ளியில் விளையாட்டு டீச்சர். வீட்டில் என் கணவரின் தங்கை, பள்ளியில் என் தலைவலி. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவள் நடத்துகிற நெடுந்தூர ஓட்டத்துக்கு என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். எட்டுப் பள்ளிகள், பள்ளிக்கு ஏழு பெண்கள், மொத்தம் ஐம்பத்தாறு பேர். எங்கள் மைதானத்தில் கிளம்பி, பின்னால் இருக்கும் மரக்கூட்டத்தைச் சுற்றி, ஆற்றோரப் பாதையில் ஓடி, திரும்ப மைதானத்துக்கே வர வேண்டும். ஏழு பேர் ஓடினாலும் முதலில் வரும் ஐந்து பேரின் இடத்தைத்தான் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்தப் பள்ளிக்குக் குறைவோ அந்தப் பள்ளிக்கு வெற்றி. முதல் இரண்டு பள்ளிகள் மூன்று வாரம் கழித்து நடக்கும் பெரிய பந்தயத்துக்குப் போகலாம்.

என் வேலை மிகச் சுலபம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய ஒரு ஒடுக்கமான வழி இருக்கும். பெண்கள் அதில் வரிசையாக வருவார்கள். கடைசியில் நின்றுகொண்டு முதலில் வருபவள் கையில் '1' என்ற அட்டையைக் கொடுக்க வேண்டும், அடுத்தவள் கையில் '2'. இப்படியே கடைசிவரை. அவர்கள் அட்டையைத் தங்கள் பயிற்சியாளரிடம் கொடுப்பார்கள். அவர் எண்களைத் தாளில் எழுதிக் கூட்டி அட்டைகளோடு மேஜையில் கொடுப்பார். அட்டைகளைச் செய்தது நான். ஒன்று முதல் அறுபது வரை அச்சடித்து, லேமினேட் செய்து, மூலைகளை வெட்டி, ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். என்னைத் தவிர அதை யாரும் தொடக்கூடாது.

இந்த வருடம் பந்தயம் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே பிசுபிசுவென்று தூறல். கையுறை போட்டால் அட்டை பிடிக்க வரவில்லை, கழற்றினால் விரல் விறைத்தது. முதல் பத்துப் பேர் தனித்தனியாக வந்தார்கள். அப்புறம் கூட்டமாக வந்தார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு, சேறு தெறித்த முகத்தோடு, சிலர் என் தோளிலேயே சாய்ந்துகொண்டு. நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஏழு பேரில் முதல் இருவர் கெட்டிக்காரிகள். மூன்றாமவளும் நான்காமவளும் சுமார். ஐந்தாவது நெட்டை. அவள் உயரத்துக்கு எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அதிகம் பேசாத பெண். முடிவுக் கோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது அவளுடைய ஷூ லேஸ் அவிழ்ந்து காலில் சுற்றிக்கொண்டது. விழுந்துவிடுவோம் என்று பயந்து குனிந்து கட்டினாள். அந்த நேரத்தில் பின்னால் வந்த ஒருத்தி அவளைத் தாண்டிப் போய்விட்டாள். வேறு யாராவது தாண்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தாண்டியவள் ஆற்றுக்கு அந்தப் பக்கப் பள்ளியின் ஐந்தாவது பெண்.

மேஜையில் கூட்டிப் படித்தார்கள். முதலிடம் வேறொரு பள்ளிக்கு, அதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது, அந்தப் பக்கப் பள்ளி, நூற்று இருபத்தொன்று. மூன்றாவது நாங்கள், நூற்று இருபத்திரண்டு. ஒரே ஒரு புள்ளி. எங்கள் பள்ளி பெரிய பந்தயத்துக்குப் போனதே கிடையாது. இந்த வருடம் போய்விடுவோம் என்று நாத்தனார் ஆறு மாதமாக விடியற்காலையில் எழுந்து இந்தப் பிள்ளைகளை ஓடவிட்டிருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். நெட்டை அழுதுகொண்டு நிற்கிறாள், சுற்றி ஆறு பெண்களும் நாத்தனாரும் நிற்கிறார்கள், பக்கத்தில் வேறு பள்ளிப் பிள்ளைகள். நான் அட்டைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாதவளெல்லாம் எதுக்கு ஓட வர்றீங்க?" என்று கேட்டேன். நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நெட்டை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

சனி, ஞாயிறு போனது. வீட்டில் சாப்பிடும்போது என் கணவர், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று தங்கையிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் ரேடியோ வந்து நின்றாள். ரேடியோ எங்கள் அணியின் ஏழாவது பெண். தூங்கும்போது மட்டும்தான் வாயை மூடுவாள் என்று அவளுடைய அம்மாவே சொல்லியிருக்கிறார். ஓட்டத்தில் எப்போதும் கடைசி. அதில் அவளுக்குத் துளி வெட்கம் கிடையாது. சாதனைத் தாளில் ஐந்து பேருடைய இடத்தை மட்டும் போடுவது அநியாயம் என்றும், தானும் அதே நான்கு கிலோமீட்டர்தான் ஓடினேன் என்றும், தன் இடத்தையும் போட வேண்டும் என்றும் மூச்சுவிடாமல் பேசினாள். டீச்சரிடம் ஏழு பேர் இடத்தையும் எழுதி வாங்கிக்கொண்டே வந்திருந்தாள். கடைசியாக வந்ததைச் சாதனை என்று போடச் சொல்கிறாயா என்று கேட்டேன். பாட்டிக்குக் கண் மங்கல், எழுத்து தெரியாது, எண்ணைப் பார்த்தால் பெரிய மார்க் என்று நினைத்துக்கொள்வார் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி போய்த் தொலை, போடுகிறேன் என்றேன்.

போகிறவள் கதவருகே நின்று, நெட்டை நேற்று ஜெர்சியைத் துவைத்து மடித்து டீச்சரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இனிமேல் ஓடப்போவதில்லையாம். சாப்பாட்டு நேரத்தில்கூட யாரோடும் உட்காராமல் நூலகத்தில் போய் ஒளிந்துகொள்கிறாளாம். "நீங்க சொன்னதுனால இல்ல மேடம்" என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள். நான் கேட்கவே இல்லை. கேட்காததற்குப் பதில் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

மனசு சரியில்லாமல் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். 'எட்டுப் பள்ளிகளைச் சேர்ந்த 56 மாணவியர் பங்கேற்ற நெடுந்தூர ஓட்டத்தில்' என்று அடித்தேன். எங்கள் பெண்கள் பிடித்த இடங்களை வரிசையாக அடித்தேன். மூன்று, ஏழு, முப்பத்து மூன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. ஆறாவது பெண் ஐம்பது. ரேடியோ, ஐம்பத்தேழு.

விரல் நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், கண் தானாகவே மேலே போனது. ஐம்பத்தாறு பேர் ஓடிய பந்தயத்தில் ஒருத்தி ஐம்பத்தேழாவதாக வந்திருக்கிறாள்.

முதலில் நாத்தனார்தான் எழுதும்போது உளறியிருப்பாள் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் அட்டைகள் ஞாபகம் வந்தன. அலமாரியைத் திறந்து அட்டைப் பெட்டியை எடுத்தேன். வெள்ளிக்கிழமை இருந்த எரிச்சலில் ஈரத்தைத் துடைக்காமல், எண்ணிப் பார்க்காமல், அப்படியே அள்ளிப் போட்டிருந்தேன். மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாக அடுக்கினேன். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்து மூன்று. முப்பத்திரண்டைக் காணோம். முப்பத்தொன்றைக் கையில் எடுத்தேன். தடிமனாக இருந்தது. நகத்தை விட்டுக் கிளப்பினேன். பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த முப்பத்திரண்டு கையோடு வந்தது.

கூட்டமாக வந்த நேரத்தில் யாரோ ஒருத்தி கையில் இரண்டு அட்டையைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் இடம் தள்ளிப் போய்விட்டது. எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் அதற்குப் பின்னால் வந்தவர்கள். மேஜையில் படித்த இடங்களின்படி, அந்தப் பக்கப் பள்ளியின் ஐந்து பேரில் ஒருத்திதான் அதற்குப் பின்னால் வந்தவள். ஒரு காகிதத்தில் கழித்துப் பார்த்தேன். எங்களுக்கு மூன்று போனால் நூற்றுப் பத்தொன்பது. அவர்களுக்கு ஒன்று போனால் நூற்று இருபது. இரண்டாவது இடம் எங்களுடையது, நாங்கள்தான் ஜெயித்திருக்கிறோம். லேஸ் அவிழ்ந்தும், நின்று கட்டியும், ஒருத்தி தாண்டிப் போயும் ஜெயித்திருக்கிறோம். நான்கு நாளாக ஒரு பிள்ளை என் தப்பைத் தன் தப்பு என்று தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது. அதற்கு மேல் நான் வேறு நாக்கைச் சாட்டையாகச் சுழற்றியிருக்கிறேன். அந்த நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

விளையாட்டுச் சாமான் அறையில் நாத்தனார் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். ஒட்டிய அட்டையையும் காகிதத்தையும் அவள் முன்னால் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அங்கேயே குதிக்கிற மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, என் கல்யாணப் பத்திரிகையிலயே நாலு தப்பு கண்டுபிடிச்சவங்க நீங்க. நீங்களா?"

சிரித்துக்கொள் என்றேன். இருபது வருட வட்டியையும் சேர்த்துச் சிரித்துக்கொள், எனக்கு ரோஷமே இல்லை என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நெட்டைகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். முதலில் பெரியவரைப் பார்க்க வேண்டும் என்று இருவரும் கிளம்பினோம்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குக் கடிதம் என்றால் காய்ச்சல் வந்துவிடும். நம் மைதானம், நம் அட்டை, நம் தப்பு, கடைசியில் நமக்கே லாபமா, கேட்பவர்கள் வாயால் சிரிக்க மாட்டார்கள் என்றார். பெட்டி நான்கு நாளாக உங்கள் அலமாரியில்தானே இருந்தது, நீங்களே பசை போட்டு ஒட்டினீர்கள் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. என் அட்டையை யாரும் நம்ப வேண்டாம், எட்டுப் பள்ளியின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். எந்தத் தாளிலும் முப்பத்திரண்டு என்று ஒரு எண் இருக்காது. ஐம்பத்தாறு பேர்தான் ஓடினார்கள், ஐம்பத்தேழாவதாக ஒருத்தி வந்திருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். பிறகு போனை எடுத்தார்.

எட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவான விளையாட்டுக் குழுவின் அலுவலகத்தில் எட்டுத் தாள்களின் நகல்களும் இருந்தன. எடுத்துப் பார்த்துவிட்டு அரை மணியில் திருப்பிக் கூப்பிட்டார்கள். தப்பு செய்தவர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று வேண்டும், அந்தப் பக்கப் பள்ளியின் பயிற்சியாளரும் ஒப்புக்கொண்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டும் மறுநாள் நண்பகலுக்குள் வந்து சேர வேண்டும் என்று சொன்னார்கள். கடிதத்தை நானே அடித்தேன். முதலில் தூறலைப் பற்றி ஒரு வரி, கையுறையைப் பற்றி ஒரு வரி, கூட்டத்தைப் பற்றி ஒரு வரி வந்தது. வேறு யாராவது இப்படி எழுதிக் கொண்டு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். மூன்றையும் நீக்கிவிட்டு, ஒட்டியிருந்த அட்டைகளைக் கவனிக்காமல் கொடுத்தது நான் என்று ஒரே வரியாக வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நூலகத்தில் கடைசி ஜன்னல் ஓரம் நெட்டை உட்கார்ந்திருந்தாள். வெளியே மரம் பாதி மொட்டையாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள். உட்காரும்மா என்று சொல்லி, எதிரில் நானும் உட்கார்ந்து, இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள், அழுவாள், ஓடிப்போய்த் தோழிகளிடம் சொல்வாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

கடைசியில், "அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டாள்.

இல்லை, நாளைக் காலையில் நானே போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். தானும் வருவதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்குத் தெரியாது என்றாள். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையைப் பற்றிப் பேச வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஊரையெல்லாம் பேசுகிற வாய், அந்த இடத்தில் பூட்டிக்கொண்டுவிட்டது.

மறுநாள் முதல் மணிக்கே அனுமதி வாங்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். பாலத்தைத் தாண்டி எட்டாவது நிறுத்தம். நெட்டையின் முழங்கால் முன் சீட்டில் இடித்துக்கொண்டே வந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் கடிதத்தைப் பதினைந்து தடவை படித்தேன்.

அந்தப் பள்ளியும் எங்கள் பள்ளி மாதிரியேதான் இருந்தது. அதே பச்சைச் சுவர், அதே ஈரக் குடை வாசனை. நடைபாதையில் ஒரு பலகையில், பெரிய பந்தயத்துக்குப் போகும் நம் வீராங்கனைகளுக்கு வாழ்த்து என்று வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஏழு பேர் படமும் இருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். நாங்கள் ஜெயித்தோம் என்பதே அதுவரை என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் தோற்கப்போகிறார்கள் என்பது அந்தப் பலகையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அவர்களுடைய பயிற்சியாளர் தலை நரைத்தவர், கழுத்தில் விசில். கடிதத்தைப் படித்தார், போன் செய்து தாள்களைச் சரிபார்த்தார், தன் பேனாவால் ஒரு தடவை கழித்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கணக்கு சரிதாங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா என் பிள்ளைங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஏழு பேரையும் வகுப்பிலிருந்து வரவழைத்தார். உடை மாற்றும் அறையில் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டு சொன்னேன். அட்டை ஒட்டிக்கொண்டதைச் சொன்னேன், கவனிக்காதது நான் என்று சொன்னேன், உங்கள் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். ஒருத்தி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டோமே என்று முனகினாள். இன்னொருத்தி, இது அநியாயம் என்றாள். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல முடியும்? அவர்களுடைய தலைவி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள்.

ஓரத்தில் முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வந்ததிலிருந்து நெட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தாண்டிப் போனவள் அவள்தான். திடீரென்று எழுந்து நெட்டைக்கு முன்னால் வந்து நின்றாள். நெட்டையின் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தாள்.

"நீ குனிஞ்சப்ப நான் பாத்தேன்" என்றாள். "நிக்கலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. நிக்கல. எல்லாரும் ஜெயிச்சோம்னு குதிக்கிறாங்க, எனக்கு மட்டும் சோறு இறங்கல. நீ வந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாம்."

நெட்டை அவளை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டாள். "ஓடற இடத்துல யாராவது நிப்பாங்களா? நானா இருந்தாலும் தாண்டித்தான் போயிருப்பேன். லேஸ் அவுந்தா அவுந்ததுதான். அதுல யார் தப்பு இருக்கு?"

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. தான் சொன்னதைத் தானே காதால் கேட்டுவிட்ட மாதிரி ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றாள். அந்தக் குட்டைப் பெண் சிரித்தாள், உடனே அழுதாள். இவளும் அழுதாள். பயிற்சியாளர் விசிலை எடுத்து வாயில் வைத்தார், ஊதவில்லை, திரும்ப விட்டுவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண்ணும் சரியில்லை, சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தை விளையாட்டுக் குழுவின் அலுவலகத்துக்கு நேரே கொண்டுபோய்ச் சேர்த்தோம். மணி பதினொன்றே கால். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. இனியும் வாயைப் பூட்டிவைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன்.

நெட்டை யோசித்தாள். "முடிச்சு லூஸாத்தான் போட்டிருந்தேன் மேடம். அது நெசம்" என்றாள். அப்புறம், "ஆனா எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள்.

அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. அவளை நூலகத்தில் போய் உட்காரவைத்தது லேஸும் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை. ஆமாம்மா என்றேன்.

பள்ளிக்குள் நுழைந்ததும் அவள் சாமான் அறைப் பக்கம் போனாள். ஜெர்சியைக் கேட்டு வாங்கத்தான் போகிறாள் என்று புரிந்தது. நான் அலுவலகத்துக்குப் போய் மேஜையைப் பார்த்தேன். பத்துச் சீட்டுகள் காத்திருந்தன, வாத்தியக் குழு ஏதோ கோப்பை வாங்கியிருந்தது. எதிலும் மனம் ஒட்டவில்லை.

சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் மைதானத்துக்குப் போனேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வெயில் சாய்ந்து, புல் மேல் பழுத்த இலைகள் கிடந்தன. கைப்பந்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், குண்டு எறிகிறவர்கள் ஒரு பக்கம், வீட்டுக்குப் போகாமல் வேடிக்கை பார்க்கிற கும்பல் வேலியோரம். ஓட்டக் கோட்டில் எங்கள் பெண்கள் கால் உதறிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். நாத்தனார் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் நேரே ஓடுதளத்தின் நடுவில் போய் நின்றேன். ஒரு தடவை இருமினேன். வேலியோரக் கும்பல் திரும்பிப் பார்த்தது. சிவப்பு மை யாரையோ வறுக்கப்போகிறது என்று கைப்பந்துப் பிள்ளைகளும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நல்லது, எல்லோரும் கேட்கட்டும்.

"வெள்ளிக்கிழமை இந்தப் பொண்ணைப் பாத்து முடிச்சு போடத் தெரியலன்னு நான் சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அன்னிக்கு வேலை தெரியாம நின்னது நான். எண்ணி எண்ணிக் கொடுக்க வேண்டிய அட்டையைச் சேத்துக் குடுத்தேன். அவ ஓட வேண்டியதை ஒழுங்கா ஓடினா. நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடும்மா."

ரேடியோகூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். என் நாத்தனார் எங்கேயோ வானத்தைப் பார்த்தாள். காது வரைக்கும் எனக்குச் சூடேறியிருந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நெட்டை குனிந்து இரண்டு கால் லேஸையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். நிமிர்ந்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"சரி மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாங்க ஓடணும்" என்றாள்.

நான் தள்ளி நின்றேன்.